பூனைக்கு முதலில் என்ன வேண்டும்?

சம்பாவூர் ராஜ்யம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பினால், நாலு எல்லையையும் தொட்டுவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் அதன் ஏரிக் கோரைப் புதரில், சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கிடைக்காத மீன்பூனை இருந்தது. நாய் உயரம், உடம்பெல்லாம் புள்ளி, தண்ணீரில் குதித்துக் கெண்டை பிடிக்கும். ஒரு காலத்தில் கூட்டமாகத் திரிந்த இனம். இப்போது ஒரு தாயும் இரண்டு குட்டிகளும்தான் கண்ணில் பட்டன.

ராஜா கோதண்டபூபதி சபையைக் கூட்டினார். பக்கத்து நாட்டு ராஜாவிடம் யானை இருக்கிறது, இவரிடம் இல்லை. இருக்கிற பூனையையாவது காப்பாற்ற வேண்டாமா?

"நம்ம கஜானா ஒரே ஒரு காரியத்துக்குத்தான் தாங்கும்" என்றார் ராஜா. "பூனைக்கு முதல்ல என்ன வேணும்? சொல்லுங்க."

மந்திரி அனந்தப்பர் முந்திக்கொண்டார். "தங்கக் கூண்டு, மகாராஜா! உள்ளே பட்டு மெத்தை, வேளாவேளைக்குப் பசும்பால். ஊரே வந்து தரிசிக்கும்."

தளபதி மீசையை முறுக்கினார். "முதல்ல காவல்! சுத்தி நின்னு ராப்பகலா முரசு அடிச்சா ஒரு திருடன் கிட்ட வருவானா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்று ராஜா தாடையைச் சொறிந்தார்.

சபையின் ஓரத்தில், இடுப்பில் கைக்குழந்தையோடு பூங்காவனம் நின்றாள். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவள் உத்தியோகம். இன்றைக்கு அவளுக்கே சிரிப்பு வரவில்லை. விடியற்காலையில் பிள்ளைத்துணி அலசப் போனபோது, மந்திரியின் மச்சான் கயிறு பிடித்துக் கோரையை அளந்துகொண்டிருந்தான். "இதையெல்லாம் அறுத்துட்டுக் கரும்பு போடப் போறோம்" என்று அவனே பல்லிளித்தான். பூனை கூண்டுக்கு வந்தால் கோரையைக் கேட்பாரில்லை. குட்டிகள் கண் திறந்த கையோடு கண்ணை மூடிவிடும்.

மந்திரியை எதிர்த்துப் பேசலாம்தான். ஆனால் அவர் நாக்கு ஏரிக்கரையைவிட நீளம். பூங்காவனம் கைதட்டினாள்.

"அடடா, மந்திரி ஐயா யோசனைன்னா யோசனை! ஆனா தங்கக் கூண்டில வெறும் பூனை இருந்தா நல்லாவா இருக்கும்? ஒரு பட்டம் வேணாமா?"

விட்டுவிடுவாரா அனந்தப்பர்? "அதையேதான் நானும் சொல்ல வந்தேன்! இளவரசிப் பட்டமே கொடுத்திடலாம், மகாராஜா!"

ராஜாவுக்குப் பெண் குழந்தை இல்லாத குறை வேறு. "இன்று முதல் அந்தப் பூனை நம் குலக்கொழுந்து இளவரசி!" என்றார். சங்கு ஊதியாயிற்று. ஊதிய ஊதில் குழந்தை வீறிட்டது. அதைத் தட்டிக்கொண்டே பூங்காவனம் கேட்டாள்.

"அப்போ ருசி பார்க்கிறது எப்போ, மகாராஜா?"

சபையே திகைத்தது. சம்பாவூரில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் பாட்டனாருக்கு யாரோ கெட்டுப்போன பாயசத்தைக் கொடுத்து, அவர் மூன்று நாள் சொம்பும் கையுமாக அலைந்தார். அன்று போட்ட சட்டம்: அரச குடும்பத்துக்கு யார் எதைக் கொடுத்தாலும், கொடுக்கிறவர் முதலில் அதை அனுபவித்துக் காட்ட வேண்டும்.

"சோத்துக்குத்தானே அந்தச் சட்டம்?" என்றார் மந்திரி, வேர்த்துக்கொண்டே.

"'எதைக் கொடுத்தாலும்'னுதான் பாட்டனார் சொன்னார்" என்றார் ராஜா. வேடிக்கை பார்ப்பதென்றால் அவருக்கு வெல்லம். "ஏறுங்க ஓய்!"

தங்கக் கூண்டுக்குத் தட்டான் நாள் கேட்டான். அதுவரை கோழிக்கூண்டு போதும் என்று முடிவாயிற்று. மெத்தை மட்டும் அசல் பட்டு. மந்திரி காலை மடக்கி, கையை மடக்கி, தொந்தியை மடக்க முடியாமல் உள்ளே போனார். பக்கத்தில் தளபதியை உட்காரவைத்துச் சுற்றிலும் முரசு. ஊரே தரிசிக்க வந்தது.

"ஏ, தூங்குது பாருடி! குச்சியால குத்து, முழிக்கும்!"

"ஏன் பால் குடிக்க மாட்டேங்குது? மூக்கைப் புடிச்சு ஊத்துங்க!"

டம டம டம டம!

வெயில் சாய்வதற்குள் தளபதி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முரசடிப்பவர் காலில் விழுந்துவிட்டார். மந்திரி கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினார்.

ராஜா குனிந்து கேட்டார். "அனந்தப்பரே, உமக்கு முதல்ல என்ன வேணும்? மெத்தையா, பாலா?"

"ஒரு எழவும் வேணாம்! கதவைத் திறங்க! என் வீட்டுக்குப் போகணும், என் சோத்தைத் தின்னுட்டுத் தூங்கணும். என்னை விட்டாப் போதும்!"

"கேட்டீங்களா, மகாராஜா?" என்றாள் பூங்காவனம். "பூனைக்குப் பேச வராது. மந்திரி ஐயா அதுக்காகப் பேசிட்டார். ஏரிக் கோரைதான் அதுக்கு வீடு. அந்த வீட்டை அறுத்துக் கரும்பு போடறதுக்கு இவர் மச்சான் கயிறு புடிச்சு அளந்துக்கிட்டிருக்கான்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. ஒரு தாள் கோரையை அறுத்தாலும் அறுத்தவன் அதே கூண்டில் ஒரு மாதம் என்று அப்போதே பறை அறைந்தார்கள். மச்சான் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினான்.

மந்திரிக்கு வயிறு எரிந்தது. கூண்டைவிட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தினார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே! அவ யோசனையை அவளும் ருசி பார்க்கணும்!"

"நியாயம்தான்" என்றார் ராஜா. "பூங்காவனம், உன் யோசனையைத் தெளிவாச் சொல்லு."

"இருக்கிற இடத்தில இருக்க விடணும். வேணுங்கிற மட்டும் தூங்க விடணும். பசிச்சா மீன். நடுவில ஒருத்தரும் எழுப்பக் கூடாது."

சொல்லிவிட்டுக் குழந்தையை ராஜாவின் மடியில் வைத்தாள். பிறந்ததிலிருந்து தாயைக் கண்ணயர விடாத பிள்ளை, வந்த வேகத்தில் முத்துமாலையைக் கடித்து, பட்டு வேட்டியை நனைத்தது.

"அடியே! இதை எதுக்கு எங்கிட்டக் கொடுக்கிறே?"

"தாய்ப்பூனை கண்ணசந்தா குட்டிகளைக் கோரை பாத்துக்கும்" என்றாள் பூங்காவனம், கொட்டாவி விட்டபடி. "எனக்கு நீங்கதான் கோரை, மகாராஜா. மீன் வெந்ததும் எழுப்புங்க."