வேறு என்றொரு பொத்தான்

வரதராஜுலு மடத்துக்குள் நுழைந்தபோது மத்தியானப் பந்திக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வாசலில் ஐம்பது பேருக்குக் குறையாமல் தட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குருவின் அறைக்குப் போய் விழுந்து கும்பிட்டார்.

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குரு வெள்ளியங்கிரி சாமிக்கு நாற்பத்து நான்கு. கோவைக்கு மேற்கே ஆற்றை ஒட்டி இருக்கும் அந்த மடத்துக்கு வரதராஜுலு பதினோரு வருஷமாக வருகிறார். நானூறு பேர் இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரிக்கு முதலாளி. அங்கே அவர் இருமினால்கூட நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இங்கே மட்டும் கைகட்டித் தரையில் உட்காருவார்.

அன்றைக்கு அவருடைய தோள்பையில் ஒரு காகிதம் இருந்தது. ஒன்பது நாளைக்கு முன்னால் பவுண்டரியின் மூன்றாம் உலை வெடித்து, செல்லமுத்து என்கிற உலைக்காரர் இறந்துபோனார். முந்தின நாள் ஷிப்ட் முடிவில் ‘குறை இல்லை’ என்று பதிவு செய்தவர் அவரேதான், ஆகவே விபத்துக்கு அவருடைய கவனக்குறைவே காரணம் என்று வக்கீல் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். நாளைக் காலை பத்து மணிக்குள் அது தொழிற்சாலை ஆய்வாளர் கைக்குப் போக வேண்டும். முதலாளியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அதைப் பற்றிக் கேட்க வரவில்லை என்று வழி நெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

“ஒரு சந்தேகமுங்க சாமி.”

“கேளுங்க.”

“மூணு வருஷமா கம்ப்யூட்டருக்குன்னு நான் கொட்டாத காசில்லீங்க. உலைக்கு உலை திரை வெச்சாச்சு. ஆளுக்கு ஆள் அட்டை குடுத்தாச்சு. எந்த மெஷின் எப்ப ஓடுது, எப்ப நிக்குதுன்னு என்ற போன்லயே பாக்கறனுங்க. இத்தனையும் செஞ்சும் என்ற ஆளுங்ககிட்ட இருந்து புதுசா ஒரு யோசனை வரலீங்க. பக்கத்து பவுண்டரிக்காரன் ஓட்டை லேப்டாப் ஒண்ணை வெச்சுட்டு வருஷத்துக்கு ரெண்டு புது வார்ப்பு எறக்கறான். என்ற எடத்துல மட்டும் ஏனுங்க ஒருத்தனுக்கும் மூளை வேலை செய்யறதில்லை?”

கேள்வி என்று பேர். அதில் முக்கால்வாசி புகார்தான். அவருக்கு அது தெரியவில்லை, பதினோரு வருஷமாக அவரைப் பார்த்த குருவுக்குத் தெரிந்தது.

“முந்தி வந்துச்சுங்களா?”

“ஏன் வராம? அப்ப மூணாம் உலைக்குப் பக்கத்துல ஒரு கரும்பலகை கெடந்துச்சுங்க. கண்டதையும் கிறுக்குவானுங்க. சூப்பர்வைசரைத் திட்டி எழுதுவானுங்க, டீ சரியில்லைன்னு எழுதுவானுங்க. அதுக்கு நடுவுல எவனோ ஒருத்தன், மணலை ஆறவிட்டுச் சலிச்சா அச்சு உடையாதுன்னு எழுதி வெச்சிருந்தான். செஞ்சு பாத்தோம். உடையறது பாதியாக் கொறைஞ்சு போச்சுங்க.”

“யாருங்க எழுதினது?”

வரதராஜுலு யோசித்துப் பார்த்தார். “தெரியலீங்க. கேட்டுக்கலை.”

“பலகை இப்ப எங்க?”

“எடுத்தாச்சுங்க. வெளிநாட்டு வாடிக்கைக்காரங்க சுத்திப் பாக்க வர்றாங்க, அவங்க கண்ணுல அது படலாமுங்களா? சுவருக்கு வெள்ளையடிச்சு அதே எடத்துல திரையை வெச்சோம்.”

“திரையில எழுதலாமா?”

“எழுதவே வேண்டியதில்லீங்க. அதுதான் அதோட விசேஷம்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களை வந்தது. ஒன்பது நாளில் அவர் சந்தோஷமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். போனை எடுத்துக் காட்டினார்.

“ஷிப்ட் முடியறப்ப உலைக்காரன் இதுல தொடோணுங்க. அம்பத்திரண்டு குறை போட்டிருக்கு. தண்ணி சூடு, கரண்ட் ஏத்த எறக்கம், சத்தம் அதிகம், சத்தம் கம்மி. எதுன்னு தொட்டாப் போதும். எதுவும் இல்லீன்னா ‘குறை இல்லை’. படிப்பு வாசம் இல்லாதவனும் தொடலாம்.”

குரு பட்டியலைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தார்.

“கீழ ‘வேறு’ன்னு ஒரு பொத்தான் இருக்குதே.”

“அது குப்பைத்தொட்டிங்க. மொதல் மாசம் ஆளாளுக்கு அதையே அமுக்கித் தொலைச்சானுங்க. வந்து கேட்டா ஒருத்தன் ஒரு கதை சொல்றான். அதையெல்லாம் கம்ப்யூட்டர் எந்த எடத்துல சேர்க்கும்? அதனால ‘வேறு’ தொட்டா உலை நின்னுபோற மாதிரி மாத்தினோம். சூப்பர்வைசர் வந்துதான் திறந்துவிடோணும். அந்த ஷிப்டு மொத்தத்துக்கும் போனஸ் போயிரும். அப்புறம் ஒரு பய தொடறதில்லீங்க.”

“யாரோட யோசனைங்க அது?”

“என்றதேதானுங்க,” என்றார் வரதராஜுலு.

குரு போனைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிய கை நடுங்கியது. வரதராஜுலு அதை மறைக்க மடியில் வைத்து மறு கையால் மூடிக்கொண்டார்.

“சரிங்க,” என்றார் குரு. “மடத்துலயும் இன்னிக்கு ஒரு பட்டியல் வெச்சுக்குவோம். நான் ஒண்ணே ஒண்ணு கேப்பேன். பதில் அஞ்சுதான். பசி, காய்ச்சல், அசதி, குறை இல்லை, வேறு.”

“ஆகட்டுங்க.”

“ ‘வேறு’ன்னு சொன்னீங்கன்னா அடுப்பை அணைக்கச் சொல்லிருவேன். வெளிய நிக்கறவங்களுக்கு இன்னிக்குச் சோறு இல்லை.”

வரதராஜுலு சிரித்தார். குரு சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

“உங்க கை ஏனுங்க நடுங்குது?”

“அது வந்துங்க சாமி...”

“அஞ்சுல ஒண்ணு.”

“பசியில்லீங்க.”

“சரி.”

“காய்ச்சலும் இல்லை. ராத்திரியில தூக்கம் வர்றதில்லீங்க.”

“அப்ப அசதிங்களா?”

“அசதின்னு சொல்ல முடியாதுங்க. கண்ணை மூடினா...”

“ ‘கண்ணை மூடினா’ பட்டியல்ல இல்லீங்க.”

ஜன்னலுக்கு வெளியே வரிசை தெரிந்தது. ஒரு கிழவர் நிற்க மாட்டாமல் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். இடுப்புக் குழந்தையை ஒருத்தி மறு இடுப்புக்கு மாற்றினாள். சமையல் கட்டிலிருந்து சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தது. வரதராஜுலு இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் ஜன்னலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்றும் தோன்றியது, ஆனால் இந்த மனிதர் சொன்னதைச் செய்யாமல் விட்டு அவர் பார்த்ததில்லை.

“எல்லாரும் காத்துட்டு இருக்காங்க,” என்றார் குரு.

“குறை இல்லீங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

குரு எழுந்து வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். “ருக்மணியம்மா, உள்ள வாங்க.”

வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். காலி நெற்றி. உள்ளே வரும்போது வரதராஜுலு அவளைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

“செல்லமுத்து சம்சாரமுங்க,” என்றார் குரு. “நீங்க இங்க வந்து போறவர்னு கேள்விப்பட்டு மூணு நாளா வந்து காத்திருக்காங்க.”

சாவுக்கு வரதராஜுலு போகவில்லை. மாலையை மேனேஜரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். இப்போது எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்தார்.

“மொதலாளி, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க,” என்றாள் ருக்மணி. சண்டைக்கு வந்தவள் குரல் இல்லை அது. “அவரு கடைசி நாலு நாளும் சோறு திங்கலீங்க. ‘மூணாம் உலை முனகுது ருக்கு’ன்னு அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. சத்தம் கூடவும் இல்லையாம், கொறையவும் இல்லையாம். காய்ச்சல்காரன் படுத்துட்டு முனகற மாதிரி இருக்குதுன்னாரு. ஆபீசுல போய்ச் சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன். வாயில சொன்னா எடுத்துக்க மாட்டாங்க, திரையிலதான் சொல்லோணும்னாரு.”

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“இப்ப உங்க வக்கீலு வந்து, உங்க வீட்டுக்காரரே குறை இல்லைன்னு அமுக்கியிருக்காருன்னு சொல்றாருங்க. இருபது வருஷம் அவரோட குடும்பம் பண்ணினவ நானு. பொய் சொல்லத் தெரியாதுங்க அவருக்கு. அப்புறம் ஏனுங்க அப்படி அமுக்கினாரு?”

தெரியாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். வக்கீலும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். வரதராஜுலு குருவைப் பார்த்தார்.

“அம்மா கொஞ்சம் வெளிய இருக்கட்டுங்களே, சாமி.”

“இங்கயே இருக்கட்டுங்க.”

அதற்கு மேல் மறைக்க அவரால் முடியவில்லை.

“அந்தத் திரை எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்குமுங்க,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. “எதைத் தொட்டான், எத்தனை மணிக்குத் தொட்டான், எதைத் தொட்டுட்டு விட்டான்னு. வெடிச்ச அஞ்சாம் நாளு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க எனக்கு மட்டும் அனுப்பி வெச்சாங்க. நான் இன்னும் யாருக்கும் காட்டலீங்க.”

ருக்மணி ஓரடி முன்னால் வந்தாள்.

“முந்தின நாள் சாயங்காலம் அவரு ‘வேறு’ தொட்டிருக்காருங்கம்மா. உலையை நிறுத்தட்டுமான்னு அது கேக்கும். வேண்டாம்னு திரும்பி வந்துட்டாரு. பட்டியலை மேலயும் கீழயும் தேடியிருக்காரு. மறுபடி ‘வேறு’. மறுபடி திரும்பிட்டாரு. மூணாவது தடவையும் தொட்டு, அந்தக் கேள்வி முன்னால நாப்பது செகண்ட் நின்னிருக்காருங்க. அப்புறந்தான் ‘குறை இல்லை’ தொட்டாரு.”

“அவரு ஷிப்டுல எத்தனை பேருங்க?” என்று கேட்டார் குரு.

“பதினாறு பேருங்க.”

“தீவாளி நோம்பிக்கு எல்லாருமே அந்த போனஸைத்தான் நம்பியிருந்தாங்க,” என்றாள் ருக்மணி மெதுவாக. பிறகு சுவரோரமாக உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். செத்த அன்றைக்கு அழுத அழுகை வேறு. இப்போது அந்த மனிதன் தனியாக அந்தத் திரை முன்னால் நின்றது அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் செல்லமுத்து அதே உலைக்குத்தான் வேலைக்கு வந்தார். உலையைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் உள்ளுக்குள் விட்டுப்போய், உருகிய இரும்பில் தண்ணீர் பட்டது. முனகியது அந்தக் குழாய்தான் என்று பார்க்க வந்த எஞ்சினியர்கள் சொன்னார்கள். அப்படி ஒரு சத்தத்தை அவர்களில் ஒருவரும் அதற்குமுன் கேட்டதில்லை.

வரதராஜுலுவுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு இவ்வளவு வெட்கம் வரும் என்று அவர் நினைத்ததில்லை. பையைத் திறந்து காகிதத்தை எடுத்து குருவின் முன்னால் வைத்தார். குரு முழுவதையும் படித்தார்.

“நீங்க வேற ஒண்ணைக் கேக்கத்தானே வந்தீங்க,” என்றார். “ஆளுங்ககிட்ட இருந்து புதுசா ஒண்ணும் வரலைன்னு.”

“ஆமாங்க.”

“வந்துச்சுங்க. மூணு தடவை வந்துச்சு.”

வெளியே பந்தி மணி அடித்தார்கள். வரிசை நகர ஆரம்பித்தது. ருக்மணி எழுந்திருக்கவில்லை.

“இதுல கையெழுத்துப் போடலைன்னா,” என்றார் வரதராஜுலு, “அந்தத் திரையோட பதிவை நானே கொண்டுபோய்க் குடுக்கோணுங்க. குடுத்தா என்னை உள்ள வெச்சிருவாங்க. பவுண்டரிக்குப் பூட்டுப் போட்டிருவாங்க. என்னை நம்பி நானூறு குடும்பம் இருக்குதுங்க சாமி. நான் என்னதான் பண்ணட்டும்?”

குரு காகிதத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, பேனாவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“செல்லமுத்துவுக்கு நாப்பது செகண்டுதான் கெடைச்சுது. உங்களுக்கு நாளைக் காலையில வரைக்கும் நேரமிருக்கு. யோசிங்க. அதுவரைக்கும் இந்தம்மா இங்கயே உக்காந்திருப்பாங்க.”