கார் வந்தால் போதும்

பத்திரிகை நீட்டுகிறவர்களுக்கெல்லாம் "கண்டிப்பா வர்றேன்" என்பார் சேர்மன் தணிகாசலம். ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் வந்து சேர்ந்தது.

"மூணுக்கும் நான் போனதா ஆகணும்!" என்று டிரைவர் மாசிலாமணியிடம் பாய்ந்தார்.

"நமக்கு மூளை ரிவர்ஸ்லதாங்க ஓடும், வயிறுதான் டாப் கியர். வெறும் காரைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்துறேன்."

மண்டபத்துக்கு மண்டபம் "சேர்மன் எங்கே?" என்றார்கள்.

"கார் வந்தா அவர் வந்த மாதிரிங்க" என்று பந்தியில் உட்கார்ந்தான்.

பிறகு சேர்மன் மகள் கல்யாணம். ஊரே "கண்டிப்பா வர்றோம்" என்றது. வாசலில் நிறுத்த இடமில்லாமல் கார்கள். பூரித்துப்போய்ப் பந்தியை எட்டிப்பார்த்தார். அத்தனை இலையிலும் டிரைவர்கள்!

"என்னடா இது?"

"எல்லாரும் வந்தாச்சுங்கய்யா" என்றான் மாசிலாமணி, பாயசத்தை வழித்தபடி. "உங்க காரும் வாசல்ல நிக்குது. நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க."