நண்டுவிளைச் சபையின் அவயவங்கள்

நண்டுவிளைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல வாய்ப்பு வராது.

அந்த ஊர்ச் சபைக்குக் குணசீலன் என்றொரு போதகர் மாற்றலாகி வந்தார். நல்ல மனிதர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். பிரசங்கத்தை நிலைக்கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பீடம் ஏறுவார். வந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. கோயில் மணியை அடிப்பது அவர்தான். கூட்டுவது அவர்தான். பல்பு போனால் பெஞ்சின் மேல் ஏறி மாட்டுவதும் அவர்தான். சபையார் வருவார்கள், உட்காருவார்கள், தூங்குவார்கள், போவார்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவிக்குரிய வரங்களைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார்.

"உங்க ஒவ்வொருத்தருக்கும் ஆவியானவர் ஒரு வரம் கொடுத்திருக்கார். அது என்னன்னு கண்டுபிடிங்க. சபைங்கிறது ஒரு சரீரம். அதுல ஒருத்தர் கண், ஒருத்தர் கை, ஒருத்தர் கால். கண்ணோட வேலையைக் கை செய்ய முடியாது. கையோட வேலையைக் கால் செய்ய முடியாது. அவங்கவங்க என்ன அவயவமோ, அதுவா இருந்து ஊழியம் செய்யுங்க."

அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. போதகர் அதை நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் சபையின் முக்கியமான ஐந்து ஆண்கள் கோயில் வராந்தாவில் கூடினார்கள். பெண்கள் வரவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது.

வேதக்கண் கண் ஆவது என்று முதலில் முடிவாயிற்று. பேரிலேயே இருந்தது ஒரு காரணம். ஜெப நேரத்தில் கண்ணை மூடாமல், யார் யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அவர்தான் என்பது இன்னொரு காரணம்.

மாசிலாமணி தன்னை வாய் என்று தானே அறிவித்தார். அவர் பேசிக்கொண்டே இருந்ததால் யாராலும் மறுக்க முடியவில்லை. கை எஸ்றாவுக்குப் போயிற்று, அவர் கொத்தனார். கால் செல்லத்துரைக்கு. ஊரில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் நடந்தே போய்ச் சேருகிறவர்.

"காது யாரு?" என்றார் எஸ்றா.

மிச்சம் இருந்தவர் பேரின்பம். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது.

"அவருக்குக் கேக்காதே, வே" என்றார் செல்லத்துரை.

"அதனாலதான் சொல்லுதேன்" என்றார் மாசிலாமணி. "நம்ம காதெல்லாம் கண்டதையும் கேட்டுத் தேஞ்சு போச்சு. அவருது இன்னும் புதுசா இருக்கு."

பேரின்பத்திடம் சைகையில் சொன்னார்கள். அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்கலங்கினார். "இத்தனை வருசமா இந்தக் கோயிலுக்கு வாரேன்" என்றார் செல்லத்துரை. "நான் இங்க ஒரு கால்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை."

பிறகு எஸ்றா ஒரு பெரிய கேள்வியைக் கிளப்பினார். "தலை?"

"தலை கர்த்தர்" என்றார் மாசிலாமணி. "அதுல நாம தலையிடக் கூடாது."

"அப்ப நம்ம தலை?"

"இனிமே அதை ஒருத்தரும் உபயோகிக்கக் கூடாது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நடைமுறைப்படுத்துவதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

சில விதிகளும் வைத்துக்கொண்டார்கள். வாய் மட்டுமே பேச்சைத் தொடங்கலாம். வாய் கேட்டால் மற்றவர்கள் பதில் சொல்லலாம், கேட்டதற்கு மட்டும். கை நடக்கக் கூடாது, கால்தான் அதைச் சுமக்க வேண்டும். அடுத்த ஞாயிறு எஸ்றா, செல்லத்துரையின் தோளில் உட்கார்ந்தபடி கோயிலுக்கு வந்தார். வாசல் நிலையில் நெற்றி இடித்தது. குனிந்திருக்கலாம். ஆனால் அது தலை சம்பந்தப்பட்டது.

பாட்டு ஆரம்பமானதும் மாசிலாமணி ஒருவரே பாடினார். அவர் குரல், எண்ணெய் போடாத கிணற்று ராட்டினம் சுற்றுகிற மாதிரி இருக்கும். ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை. கேட்பது காதின் வேலை என்பதால் மற்றவர்கள் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார்கள். காது ஆகிய பேரின்பம் மிகுந்த பக்தியோடு தலையாட்டினார்.

போதகர் இதையெல்லாம் பார்த்துப் பதறிப்போய், தயாரித்து வந்ததை மூடி வைத்துவிட்டு, "நான் சொன்னது உவமை. நீங்க அப்படியே எடுத்துக்கக் கூடாது" என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அருமையான விளக்கம். அதைச் சபையின் சார்பில் பேரின்பம் கேட்டார்.

ஆராதனை முடிந்ததும் பஞ்சை எடுத்துவிட்டு மாசிலாமணி அவரிடம் சைகையில் விசாரித்தார். "ஐயா என்ன சொன்னாரு?"

"வழக்கம்போலத்தான்" என்றார் பேரின்பம். "எல்லாம் சரியா நடக்குது போல. கையை ஆட்டி ஆட்டிப் பாராட்டினாரு."

அந்தப் பிரசங்கத்தின்போதே ஓர் ஆடு பக்கத்து வாசல் வழியாக உள்ளே வந்து, பீடத்துப் பூவைத் தின்றது. போதகர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மாசிலாமணி வேதக்கண்ணிடம் கேட்டார்.

"பாத்தீரா?"

"முழுசாப் பாத்தேன். முதல்ல செவ்வந்தி. அப்புறம் கோழிக்கொண்டை. கடைசியா விரிப்பில ஒரு ஓரம்."

"நல்லாப் பாத்திருக்கீரு" என்று மெச்சினார் மாசிலாமணி.

போதகர் மாசிலாமணி வீட்டுக்கே போய் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "ஐயா, இதை நீங்க என்கிட்டச் சொல்லுறது முறையில்லை" என்றார் மாசிலாமணி. "நான் வாய். காதுகிட்டச் சொல்லுங்க." போதகர் பேரின்பம் வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, தொண்டை கட்டித் திரும்பி வந்தார்.

இப்படியிருக்க அறுப்பின் பண்டிகை நெருங்கியது. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம், கோயில் தரையைக் கழுவ ஆளில்லாமல், போதகரே வாளியை எடுத்துக்கொண்டு கோயில் வளவிலிருந்த கிணற்றுக்குப் போனார். பழைய தோட்டக் கிணறு. குனிந்து எட்டிப் பார்த்தார். கைப்பிடிச் சுவரில் ஒரு கல் ஆடியது. போதகர் உள்ளே போய்விட்டார்.

கோடை என்பதால் இடுப்பளவு தண்ணீர்தான். முங்கி எழுந்தார். அடி படவில்லை. கண்ணாடி மட்டும் போய்விட்டது. அது இல்லாவிட்டால் அவருக்குத் தன் கையே புகைமூட்டமாகத்தான் தெரியும்.

வேப்பமரத்தடியில் வேதக்கண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போதகர் வாளியோடு போனதைப் பார்த்தார். குனிந்ததைப் பார்த்தார். பிறகு அங்கே போதகர் இல்லாததையும் பார்த்தார். தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

உள்ளேயிருந்து வந்த சத்தம் கேட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாசிலாமணி வந்தார்.

"என்னத்தைப் பாக்கீரு, வே?"

"ஐயா கெணத்துக்குள்ள விழுந்ததை."

"எப்ப?"

"விழுந்தப்ப."

மாசிலாமணி கிணற்றுக்குள் எட்டிக் கூப்பிட்டார். "ஐயா, ஸ்தோத்திரம். சௌக்கியமா இருக்கீங்களா?"

"மாசிலாமணி, கயிறு போடுங்க" என்றார் போதகர். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. காலில் ஏதோ உரசிக்கொண்டும் இருந்தது.

"இதோ, கையைக் கூட்டியாரச் சொல்லுதேன்."

கை, வீட்டில் படுத்திருந்தது. அதைச் சுமந்து வர வேண்டிய கால், பக்கத்து ஊரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆளனுப்பி, கால் பாயசத்தை முடித்துக்கொண்டு வந்து, கையைத் தோளில் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்து சேர்வதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. காது தானாகவே வந்திருந்தது. ஏன் என்று அதற்குத் தெரியாது.

போதகர் உள்ளிருந்தபடியே ஜெபித்துக்கொண்டிருந்தார். தான் செய்த பிரசங்கத்தை மன்னிக்கும்படி கேட்டார் என்று சொல்கிறார்கள்.

கயிறு இறங்கியது. போதகர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டார். செல்லத்துரையின் தோளில் உட்கார்ந்தபடியே எஸ்றா இழுத்தார். கொத்தனார் கை, உரமான கை. போதகர் தண்ணீரை விட்டு மேலே வந்தார். பாதிக் கிணறு ஏறிவிட்டார். வெளிச்சம் முகத்தில் பட்டது. மனசு நிறைந்து போய், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

எஸ்றா வழக்கப்படி இரண்டு கையையும் மேலே உயர்த்தினார்.

சத்தம் அடங்கியதும் மாசிலாமணி கேட்டார். "ஏன் வே விட்டீரு?"

"ஸ்தோத்திரம்னு சொன்னாருல்லா. கையே கையைத் தூக்கலைன்னா வேற யாரு தூக்குவா?"

அதில் நியாயம் இருந்ததாக எல்லாருக்கும் பட்டது. கயிறும் போதகரோடு உள்ளே போய்விட்டிருந்தது. வேறு கயிறுக்கு யார் வீட்டுக்குப் போவது, அந்த வீட்டுக்காரரும் ஏதாவது அவயவமா என்று பேச ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில் குடத்தோடு தங்கபுஷ்பம் வந்தாள். மேலத்தெரு ஜெபவீட்டைச் சேர்ந்தவள். அந்த ஜெபவீட்டுக்கும் இந்தச் சபைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீர். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, உங்க இடது பக்கம் சுவர்ல படிக்கல்லு இருக்கு. தடவிக்கிட்டே போங்க. அந்தா, கை பட்டுட்டு. அப்படியே ஏறி வாங்க."

போதகர் ஏறி வந்துவிட்டார். கொஞ்ச நேரம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு, தெளிவில்லாமல் தெரிந்த ஐந்து உருவங்களையும் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன" என்றார் மாசிலாமணி. "சின்னப் பிள்ளையில இதுல இறங்கித்தான எல்லாரும் குளிப்போம்."

"நீங்க பாத்தீங்களா, வேதக்கண்ணு?"

வேதக்கண் மாசிலாமணியைப் பார்த்தார். மாசிலாமணி அனுமதித்தார். "பாத்துக்கிட்டேதான் இருந்தேன் ஐயா" என்றார் வேதக்கண். "நல்ல படி."

"பின்னே ஏன் சொல்லலை?"

"நீங்க கயிறுதான கேட்டீங்க" என்றார் மாசிலாமணி.

ஐந்து பேரும் கொஞ்சம் தள்ளிப் போய்க் கூடிப் பேசினார்கள். எஸ்றாவின் முகம் வாடியிருந்தது. செல்லத்துரை தரையைப் பார்த்தபடி நின்றார். வெகுநேரம் கழித்து மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. நீங்க வெளிய வந்ததுல எங்களுக்கு ரொம்பச் சந்தோசம். ஆனா வந்த விதம் சரியில்லை."

"என்ன விதம்?"

"அடுத்த சபை வாய் சொல்லி நீங்க ஏறிட்டீங்க. நம்ம சரீரத்துல வாய் இருக்கு, கை இருக்கு, கால் இருக்கு. நாளைக்குப் பண்டிகைக்கு வாறவங்க கேட்டா, எங்க போதகரை ஜெபவீட்டுக்காரங்க கரையேத்தினாங்கன்னா சொல்ல முடியும்? எஸ்றாவுக்கு வரத்தை உபயோகிக்க வாய்ப்பே இல்லாமப் போச்சு. பாருங்க, அழுதுருவாரு போல இருக்கு."

"அதுக்கு?"

"நீங்க ஒருக்கா உள்ள இறங்கிட்டீங்கன்னா, நாங்க முறைப்படி தூக்கிருவோம்."

போதகர் மெல்ல எழுந்து, குடத்தைத் தூக்கப்போன தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்க ஜெபவீட்டுல ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

அவள் யோசித்தாள். "இடத்துக்கு என்ன ஐயா, தாராளமா இருக்கு. ஆனா புதுசா வாறவங்க முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கணும்னு எங்க பாஸ்டர் கண்டிப்பாச் சொல்லுவாரு. தண்ணிக்குள்ள இறங்கி, முழுசா முங்கணும்."

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா ஐயா. எங்க இருந்தாலும் நீங்க இறங்கித்தான ஆகணும்."

அதற்குள் எஸ்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்லத்துரையின் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.