நாரையின் குரலில் ஒரு அறிவிப்பு

“இன்னும் கொஞ்சம் மூக்கால் பேசு,” என்றது தவளை.

“மேல்குள நிறுவனம் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்... இப்போது எப்படி அக்கா?” என்றது கரிச்சான்.

“அசல் நாரைதான். கேட்டதும் என் கால் தானாகத் தண்ணீருக்குள் குதிக்கப் பார்க்கிறது.”

கரிச்சான் சிறிய கறுப்புக் குருவி. யார் குரலும் அதற்கு வரும். பருந்தைப் போலக் கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு, அவை போட்டுவிட்டுப் போன புழுவைத் தின்னும். இதுவரை எல்லாம் வயிற்றுக்கும் வேடிக்கைக்கும்தான். இன்று அப்படியில்லை.

மேல்குளத்தில் மூன்று முதலைகள் சேர்ந்து ஒரு நிறுவனம் வைத்திருந்தன. தங்கள் மீன்கள் கொழுக்க வேண்டும் என்று, கீழ்குளத்துக்குப் போகும் வாய்க்காலை எருமையை விட்டுப் பனங்கட்டை போட்டு அடைத்துவிட்டன. கீழ்குளத்தில் மிச்சமிருந்த தண்ணீர் இன்னும் இரண்டு நாளைக்குத்தான் தாங்கும். தவளையின் பிள்ளைகளுக்குக் கால் முளைக்க எட்டு நாள் ஆகும்.

முதலைகள் யாரிடமும் நேரில் பேசுவதில்லை. பேசுவதற்கு நாரையை வைத்திருந்தன. தினமும் காலையில் நாரை கரைமேல் நின்று, “கீழ்குளத்தின் நலனில் நிறுவனம் மிகுந்த அக்கறை கொண்டுள்ளது. நிலைமையைக் கவனித்து வருகிறது,” என்று சொல்லும். அதற்குக் கூலி, மத்தியானம் ஒரு விரால் மீன்.

நாரை மீனுக்குப் போன நேரம் பார்த்து, கரிச்சான் கரையிலிருந்த தாழம்புதருக்குள் நுழைந்தது. நாரை உதிர்த்த வெள்ளை இறகு ஒன்றைப் புதருக்கு மேலே தெரியும்படி செருகி வைத்தது. பயமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மூக்கால் பேசியது.

“மேல்குள நிறுவனம் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், நாங்கள் செய்தது தவறு. வருந்துகிறோம். வாய்க்கால் உடனே திறக்கப்படும். எருமையார் கட்டையை நகர்த்தவும்.”

தண்ணீர் குடிக்க வந்திருந்த விலங்குகள் எல்லாம் கரையில் கூடிவிட்டன. பிறகு முயல்கள் குட்டிக்கரணம் போட்டன. குரங்குகள் முதலைகள்மேல் பூவாகக் கொட்டின. “மகராசன்களா, நன்றாயிருங்கள்,” என்று ஆமை அழுதது.

பெரிய முதலை தலையில் பூவோடு யோசித்தது. ‘நடுவன் என்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டான் போலிருக்கிறது.’ நடுமுதலை, ‘இது சின்னவன் வேலை,’ என்று நினைத்தது. சின்ன முதலை, ‘பெரியவர் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொண்டால் கேவலம்,’ என்று நினைத்தது. மூன்றும் ஒன்றையொன்று பார்த்து, எல்லாம் தெரிந்ததுபோலத் தலையாட்டின.

தலையாட்டியதைப் பார்த்ததும் எருமை கட்டையை முட்டித் தள்ளியது.

அப்போது நாரை ஓடி வந்தது. அதன் தொண்டையில் விரால் மீன் குறுக்காக நின்றது. துப்பினால் பேசலாம். ஆனால் நல்ல கொழுத்த மீன். துப்ப மனம் வரவில்லை. இறக்கையை அடித்து, கழுத்தை முறுக்கி, ஒற்றைக் காலில் குதித்தது.

“பாவம், சந்தோஷத்தில் ஆடுகிறார்,” என்றது ஆமை.

முயல்களும் கூடவே ஆடின. மீன் உள்ளே இறங்குவதற்குள் பாதித் தண்ணீர் கீழே போய்விட்டது. கட்டையும் மிதந்து கீழ்குளத்துக்குப் போய்விட்டது.

“நான் சொல்லவில்லை! எவனோ என் குரலில் பேசியிருக்கிறான்,” என்றது நாரை.

பெரிய முதலைக்குக் கோபத்தில், தனக்காகப் பேச ஆள் வைத்திருப்பதே மறந்துபோயிற்று. பூவை உதறிவிட்டுக் கரையேறியது. “நாங்கள் வருந்தவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள், ஒருநாளும் வருந்தியதில்லை. கீழ்குளத்துக் குஞ்சுகள் செத்தால் எங்களுக்கென்ன? எருமை, கட்டையை எடுத்து வந்து அடை.”

கரிச்சான் புதருக்குள் இன்னும் கீழே பதுங்கியது. அவ்வளவும் போய்விடுமோ?

எருமை முதலையை ஏற இறங்கப் பார்த்தது. “இத்தனை நாளும் உங்களுக்கு அக்கறை இருக்கிறது என்று நம்பித்தான் அந்தக் கட்டையைப் போட்டேன். இப்போது நீங்களே வாயால் சொல்லிவிட்டீர்கள். வேண்டுமானால் நீங்களே உருட்டிக்கொள்ளுங்கள், ஐயா.”

அது கீழ்குளத்துக்குப் போய்ப் புதுச் சேற்றில் படுத்துக்கொண்டது. மூன்று முதலைகளும் சேர்ந்து இழுத்தும், கீழ்குளச் சேற்றில் புதைந்த கட்டை அசையவில்லை. தவளையின் பிள்ளைகள் கட்டையின் நிழலில் வாலாட்டிக்கொண்டிருந்தன.

பெரியவர்கள் சொல்ல வேண்டிய நல்ல வார்த்தையை அவர்கள் குரலிலேயே யாராவது ஒருமுறை சொல்லிவிட்டால், ஒன்று அவர்கள் அதைச் செய்தாக வேண்டும், இல்லை தங்கள் மனதில் இருப்பதை ஊரறியச் சொல்லியாக வேண்டும்.

அந்தி சாய்கையில் கரிச்சான் புதரிலிருந்து இறகை உருவிக்கொண்டு போய், நாரை வழக்கமாக நிற்கும் இடத்தில் வைத்துவிட்டுப் பறந்தது.