ஒரு பிடிச் சோறு

கொம்பையூர் ஜமீன்தாருக்குப் பட்டுக்கோட்டின் பித்தான் மாட்டவில்லை. தசராவுக்கோ பத்தே நாள்தான் இருந்தது.

அரண்மனை வைத்தியர் அம்பலவாணர் தாடியைத் தடவினார். "ஒரு நாளைக்கு ஒரு பிடிச் சோறு. அப்படியும் வயிறு இறங்கவில்லையென்றால், சமையல்காரன் திருட்டுத்தனமாக நெய் ஊற்றுகிறான் என்று அர்த்தம்."

"ஊற்றினால் ஐம்பது சவுக்கடி!" என்றார் ஜமீன்தார்.

சமையல்கார மாடக்கண்ணு மனசுக்குள் கணக்குப் போட்டான். பசி தாங்காமல் எசமான் மூன்றாம் நாளே பானையைக் காலி செய்வார்; அடி தனக்கு விழும். கையைக் கூப்பினான்.

"எசமான், சோறென்றால் நான் ருசி பார்த்துத் தருவேன். இது மருந்தாச்சே. மருந்தைக் கொடுக்கிறவர் முதலில் சாப்பிட்டுக் காட்டுவதுதானே அரண்மனை வழக்கம்?"

"ஆமாம். வைத்தியரே, பத்து நாளும் உமக்கும் அதே ஒரு பிடிதான்."

முதல் நாள் வைத்தியர் சிரித்தார். மறுநாள் நாடி பிடித்த கை உதறியது. மூன்றாம் நாள், சாமிக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கல் வாய் நிறைய இருக்கும்போது பிடிபட்டார்.

பசியில் கண் இருண்ட ஜமீன்தார் மாடக்கண்ணுவை முறைத்தார். "நீ சொல்லடா, எவ்வளவு சாப்பிடுவது?"

மாடக்கண்ணு மூன்று விரலைக் காட்டினான். "நாலு கரண்டி சாப்பிடுகிற இடத்தில் மூணு, எசமான். தினமும் குளத்தைச் சுற்றி ஒரு நடை. பித்தான் தசராவுக்கு மாட்டாது, சித்திரையில் மாட்டும்."

தசராவுக்கு மாட்டாது என்றதும், வாசலில் நின்ற சவுக்குக்காரன் நெருங்கினான். மாடக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டான்.

"அந்த மூணு கரண்டியை நான் முதலில் ருசி பார்க்கட்டுமா?" என்று பானைப் பக்கம் ஆவலாகக் கையை நீட்டினார் வைத்தியர்.

"கையை எடும்," என்றார் ஜமீன்தார். "இது மருந்தில்லை, சோறு. மாடக்கண்ணு பார்ப்பான்."