கல்வீட்டில் கிடைத்த முப்பாட்டன்

மாதம் மும்மாரி பெய்ததோ இல்லையோ, பெய்ததாகச் சொல்ல அரண்மனையில் ஆள் வைத்திருந்த காலத்திலே, மஞ்சுநாட்டைக் கீர்த்திவளவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனிதர்தான். ஆனால் பழம்பெருமை என்று யாராவது வாயெடுத்தால் போதும், புத்தி புல் மேயப் போய்விடும். அவருக்கு இருந்த இன்னொரு பெருமை மீசை. அதற்கு எண்ணெய் தடவ மட்டும் தனியாக ஒரு ஆள் சம்பளம் வாங்கினான்.

ஒருநாள் வேட்டைக்குப் போன ராஜா, கரடுமலை உச்சியில் ஒரு கல்வீட்டைக் கண்டார். நாலு பக்கமும் பலகைக் கற்கள் நின்றன. மேலே யானைப் பருமனில் ஒரு மூடுகல். முன்பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துவாரம். இதை யார் கட்டியது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். மறுநாளே சபை மொத்தத்தையும் மலைமேல் ஏற்றிவிட்டார்.

மூச்சு வாங்கியபடி நின்ற சபையோர் ஆளுக்கொன்று சொன்னார்கள். மூடுகல்லைப் பார்த்த சேனாதிபதி, பூதங்கள் கட்டியது என்றார். துவாரத்தைப் பார்த்த ஜோசியர், விரற்கடை மனிதர்கள் குடியிருந்தது என்றார். இரண்டு பேரும் கைகலக்கும் நிலைக்கு வந்தபோது மந்திரி நல்லாதன் குறுக்கே புகுந்தார்.

"எதற்குச் சண்டை? பூதம் கட்டிக் குள்ளனுக்கு வாடகைக்கு விட்டிருக்கும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆஸ்தான வரலாற்றுரைஞர் ஆனந்தவல்லபருக்கு அந்தச் சிரிப்பு ஆகவில்லை. ராஜாவைத் தன்னைத் தவிர வேறு யார் மகிழ்வித்தாலும் அவருக்கு அன்று சோறு இறங்காது. கல்லை ஒருமுறை சுற்றி வந்தார், ஒருமுறை முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு கண்ணீர் மல்க ராஜாவின் காலில் விழுந்தார்.

"மகாராஜா, இது தங்கள் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் கொலுவிருந்த மண்டபம். இந்தக் கம்பீரம் வேறு எந்த வம்சத்துக்கு வரும்?"

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே ஆணை பிறந்தது: மலை முழுவதும் ராஜவம்ச நினைவுச் சின்னம். கல்வீட்டைச் சுற்றிச் சாமை விதைத்து ஆடு மேய்க்கும் குடிகள் அறுவடைக்குள் வெளியேற வேண்டும்.

குடிகளின் தலைவன் சடையன் ஓடிவந்து கும்பிட்டான். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பெண்டுபிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று கேட்டான். அது ஆராய்ச்சிக்கு உட்பட்ட விஷயம் அல்ல என்று வல்லபர் சொல்லிவிட்டார்.

நல்லாதன் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. துவாரத்தில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார். வல்லபரைப் போல் ஒரு அறிஞர் கிடைக்க நாம் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று புகழ்ந்தார். மற்ற ஏற்பாடுகளைத் தானே கவனித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ராஜா ஆசையாகச் சபையோடு மலையேறினால், அங்கே புரோகிதரும், கத்தி தீட்டியபடி ஒரு நாவிதரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாவிதர் எதற்கு?" என்றார் ராஜா.

"துவாரத்தில் பாருங்கள், மகாராஜா," என்றார் மந்திரி.

ராஜா பார்த்தார். உள்ளே ஒரு மண்தாழி, அதற்குள் எலும்புகள். வாரிச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கினார்.

"கொலுமண்டபம் இல்லை, சமாதி," என்றார் நல்லாதன் பணிவாக. "தங்கள் முன்னோர் இத்தனை காலமும் கருமாதி செய்ய ஆளில்லாமல் கிடந்திருக்கிறார். வாரிசு தாங்கள்தான் என்று வல்லபர் நிரூபித்துவிட்டார். தலையும் மீசையும் மழித்து, ஈரவேட்டியோடு பிண்டம் வைக்க வேண்டும். ஒரு வருஷம் வேட்டை, விருந்து, பாட்டுக் கச்சேரி எதுவும் கூடாது."

ராஜாவின் கை தானாக மீசையைப் பொத்திக்கொண்டது. "வல்லபரே, இவர் நிச்சயமாக என் முப்பாட்டன்தானா?"

வல்லபர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஆம் என்றால் மீசை போகும், இல்லை என்றால் பதவி போகும். நேர் முப்பாட்டனாக இல்லாமல் பங்காளி வழியாகவும் இருக்கலாம் என்று இழுத்தார். பங்காளிக்கும் தீட்டு உண்டே என்றார் மந்திரி. தூரத்துப் பங்காளி என்றார் வல்லபர். சங்கதி தெரிந்த பிறகு தூரம் ஏது என்றார் புரோகிதர். கடைசியில் வல்லபர், ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்று முனகினார்.

ராஜாவுக்குக் கோபத்தை விட ஆறுதல்தான் அதிகமாக இருந்தது. சடையனைக் கூப்பிட்டு, உள்ளே இருப்பது யார் என்று கேட்டார்.

"ஆருன்னு தெரியாதுங்க சாமி. ஆரோ செத்தவங்க. எங்க நிலத்துல கெடக்கறாங்க, வருசம் ஒருக்கா மொத வெளைச்சல்ல சோறாக்கி வெக்கறோம். சோறு வெக்கப் பேரு தெரியணுமுங்களா?"

தெரியாது என்ற வார்த்தையை அந்தச் சபையோர் கேட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

ராஜா தொண்டையைக் கனைத்தார். சோறு வைத்தவர்களே வாரிசு, மலை அவர்களுக்கே என்றார். நல்லாதனுக்குத் தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினார். அப்புறம் வல்லபர் பக்கம் திரும்பினார்.

"உறவைக் கண்டுபிடித்தவர் நீர். செத்தவரை அநாதையாக விட முடியாது, வந்த நாவிதரையும் சும்மா அனுப்ப முடியாது. கருமாதியை நீரே செய்யும்."

கொஞ்ச நேரத்தில் வல்லபர் உரித்த பனங்கிழங்காக ஈரவேட்டியில் நின்றார். பிண்டம் வைத்தார். மலைக்குடிகளோடு பந்தியில் உட்கார்ந்தார். இந்த ஆள்களின் காற்றுப் பட்டாலே குளிக்கிறவர் அவர்.

சாமைச்சோறு பரிமாறிய சடையன், மனசார ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டான்.

"நல்லாச் சாப்பிடுங்க பங்காளி. ஒரே ஆளுக்குச் சோறு வெச்சிட்டோம், இனி ஒறவு விட்டுப்போகுமா? ஒங்க ஊட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் நாங்க ஊரோட வந்துருவோமுங்க."

வந்தார்கள். வல்லபர் மகள் கல்யாணத்துக்கு ஆடுகளோடு வந்து, முன்வரிசையிலேயே உட்கார்ந்தார்கள். கல்வீடு யார் கட்டியது என்பது மஞ்சுநாட்டில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.