வரகி இழுத்த கூடு

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தூக்கணாங்குருவிப் பெண்களுக்குக் கூட்டைப் பார்க்கும் உரிமை கிடையாது. ஆண் கட்டுவான். பெண் போய் உட்காருவாள். யார் கட்டிய கூட்டில் யார் உட்கார வேண்டும் என்பதைச் செம்போத்து சொல்லும்.

செம்போத்தை நீங்கள் வேலியோரத்தில் பார்த்திருப்பீர்கள். காக்கை அளவு உடம்பு, செங்கல் நிறச் சிறகு, பழுத்த மிளகாய்போல் சிவந்த கண். பறக்கச் சோம்பல்பட்டு நடந்தே போகும். குரல் மட்டும் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் 'ஊம் ஊம்' என்று ஆழமாக இருக்கும். குரல் ஆழமாக இருந்தால் சொல்லும் விஷயமும் ஆழமானது என்று நம்பிவிடுகிற புத்தி அன்றைக்கே இருந்தது.

குருவிகள் குடியிருந்தது ஒரு பெரிய கிணற்றின்மேல் சாய்ந்திருந்த பனைகளில். பெண் ஒருத்தி வயதுக்கு வந்ததும் செம்போத்து அவளிடம் ஓர் இறகு கேட்கும். பிறகு தன் மனத்துக்குத் தோன்றிய ஆணிடம் ஓர் இறகு வாங்கும். இரண்டையும் கிணற்றுச் சுவரில் நின்று தண்ணீரில் போடும். இறகுகள் மிதந்து, நகர்ந்து, ஒன்றையொன்று தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்:

"உயிர்முடிச்சு விழுந்தது. ஏழு பிறவியாய் ஒன்றையொன்று தேடிய உயிர்கள்."

கேட்க இனிமையான பேச்சுதான், மறுக்கவில்லை. எனக்கென்று ஓர் உயிர் எங்கோ காத்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் இனிக்காது? ஆனால் அந்த இனிப்பை நம்பி ஆண் குருவிகள் கை தளர்ந்தார்கள். எப்படிக் கட்டினாலும் அவள் வந்துதானே ஆக வேண்டும்? ஆறு முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டார்கள். பச்சைக் கீற்றுக்குப் பதில் காய்ந்த புல்லைச் செருகினார்கள். ஆனி மாதக் காற்று வந்தால் கூடுகள் உதிரும். கிணற்றுமேட்டில் முட்டைகள் சிதறிக் கிடக்கும். செம்போத்து அங்கே நடந்து வந்து, "விழுந்ததை வீணாக்கக் கூடாது" என்று முட்டைகளைத் தின்றுவிட்டுப் போகும். முடிச்சுப் போட்டவரே விழுந்ததைத் தின்கிறாரே என்று ஒருவரும் கேட்கவில்லை.

வரகி என்ற இளம் குருவிக்குச் சாமை என்று ஓர் அக்கா. சாமையின் கூடு மூன்று முறை விழுந்துவிட்டது. மூன்றாவது முறை அவள் அழுதுகொண்டே செம்போத்திடம் போனாள்.

"சாமி, எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"போன பிறவியில் நீ ஏதோ குறை வைத்திருக்கிறாய், மகளே."

பக்கத்தில் நின்ற வரகி வாயை அடக்கவில்லை. "போன பிறவி எனக்குத் தெரியாதுங்க. இந்தப் பிறவியில மாமா கட்டுன கூட்டுலதான் குறை. ரெண்டே முடிச்சு. நான் எண்ணிப் பார்த்தேன்."

"முடிச்சை எண்ணுகிற பெண்ணுக்கு வாழ்க்கை அமையாது" என்றது செம்போத்து. சாமை தங்கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுவாரம் வரகியின் முறை வந்தது. செம்போத்து அவளுக்குப் பொன்முடி என்ற குருவியைத் தேர்ந்தெடுத்திருந்தது. தலையில் அவனைப்போல் மஞ்சள் மின்னுகிறவன் அந்தப் பனைகளில் யாரும் இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் முகம் பார்ப்பான். மீதி நேரத்தில் கூடு கட்டுவான்.

பகலில் எல்லோரும் கிணற்றைச் சுற்றிக் கூடினார்கள். இரண்டு இறகுகளும் விழுந்தன, மிதந்தன, தொட்டன. செம்போத்து கண்ணை மூடியது. பெண்கள் கீச்சிட்டுக் கொண்டாடினார்கள்.

"ஒரு நிமிசம்" என்றாள் வரகி. "நான் கூட்டைப் பார்க்கணும்."

கொண்டாட்டம் நின்றது. பொன்முடி சிரித்தான். "உயிரையே பார்த்தாச்சு. அதுக்கப்புறம் கூட்டுல என்ன பார்க்கப்போற?"

"என் முட்டை உன் உயிருல இருக்கப்போறதில்ல. கூட்டுலதான் இருக்கப்போகுது."

"வாயை மூடுடி" என்றாள் அவள் அம்மா.

வரகி காய்ந்த சருகு ஒன்றைக் கவ்வி வந்தாள். தன் சிறகிலிருந்து இன்னோர் இறகைப் பிடுங்கினாள். இரண்டையும் கிணற்றில் போட்டாள். எல்லாத் தலைகளும் குனிந்தன. இறகு மிதந்தது. சருகும் மிதந்தது. மெல்ல நகர்ந்து, இரண்டும் ஒட்டிக்கொண்டன.

"பாருங்க" என்றாள் வரகி. "இந்தச் சருகும் நானும் ஏழு பிறவியா ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கிட்டு இருந்தோமாம். மாப்பிள்ளை எப்படி? கொஞ்சம் காய்ஞ்சிருக்கார். ஆனா முகம் பார்க்கிற பழக்கம் கிடையாது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். செம்போத்தின் சிவப்புக் கண் இன்னும் சிவந்தது.

"தண்ணியில மிதக்கிற லேசான சாமான் எதுவும் பக்கத்துல இருக்கிறதோட போய் ஒட்டும். அதுக்குப் பேரு உயிர்முடிச்சு இல்ல."

வரகி சொல்லிவிட்டு விருட்டென்று பறந்தாள். பொன்முடியின் கூட்டைக் கால்களால் பற்றித் தலைகீழாகத் தொங்கினாள். ஒரே இழுப்பு. அவ்வளவுதான். கூடு மட்டையிலிருந்து கழன்று, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, கிணற்றுக்குள் தொப்பென்று விழுந்தது.

குருவியினம் தோன்றிய நாளிலிருந்து அப்படி ஒரு காரியத்தை எந்தப் பெண்ணும் செய்ததில்லை. அம்மா மட்டையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பொன்முடி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான்.

"உனக்கு இனி இணை கிடையாது" என்று செம்போத்து முழங்கியது. "ஏழு பிறவிக்கும் கிடையாது!"

"மத்த ஆறையும் அப்புறம் பார்த்துக்கிறேன். இந்த ஒண்ணுக்கு நானே தேடிக்கிறேன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வரகி கடைசிப் பனைக்குப் பறந்தாள். அங்கே நாரன் என்ற ஆண் குருவி தனியாக இருந்தான். போன வருசம் அவன் இறகைக் கிணற்றில் போட்டபோது அது மூழ்கிவிட்டது. அவன் உயிர் இல்லாதவன், யாரோடும் சேரமாட்டான் என்று செம்போத்து ஒதுக்கி வைத்துவிட்டது. அவனும் அதை நம்பி, யாருக்கென்று இல்லாமல் கூடு கட்டிக்கொண்டிருந்தான்.

வரகி அந்தக் கூட்டில் தொங்கி இழுத்தாள்.

"ஐயோ!" என்றான் நாரன்.

கூடு அசைந்தது, விழவில்லை. மறுபடி இழுத்தாள். ஓரத்தில் ஒரு நார் மட்டும் பிரிந்தது.

"இது தளர்ந்திருக்கு."

"நாளைக்குச் சரி பண்ணிடுறேன்."

"காத்து நாளைக்குத்தான் வருவேன்னு உன்கிட்ட சொல்லிச்சா? இப்பவே பண்ணு." உள்ளே எட்டிப் பார்த்தாள். "சுவருல எதுக்குக் களிமண் அப்பியிருக்க?"

"கனம் இருந்தா காத்துல ஆடாது. அதுக்காகத் தினமும் சேத்துல இறங்குறேன்."

வரகி அவனுடைய சிறகைப் பார்த்தாள். சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. "அட மண்டு, அதனாலதான் உன் இறகு முங்கியிருக்கு."

நாரன் தன் சிறகைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "அப்படின்னா எனக்கு உயிர் இருக்கா?"

"நான் இழுத்தப்ப 'ஐயோ'ன்னியே, அது யாரு கத்துனது?"

அவன் சிரித்துவிட்டு நாரைப் பின்ன உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தாள். ஆறாவது முடிச்சு விழுந்த பிறகுதான் கூட்டுக்குள் கால் வைத்தாள்.

முதல் பனையில் சாமை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் நான்காவது கூட்டைக் கட்டி முடித்திருந்தான். அவள் வயிற்றில் முட்டை கனத்திருந்தது. ஒருவரிடமும் கேட்காமல் எழுந்து போய், அந்தக் கூட்டில் தொங்கினாள்.

"நீயுமா சாமை?" என்று அலறினான் கணவன். "நாம ஏழு பிறவி..."

"முட்டை வச்ச பிறகு விழுறதுக்கு, இப்பவே விழட்டும்" என்று இழுத்தாள் சாமை.

விழுந்தது. அவள் அழவில்லை. "மறுபடி கட்டுங்க. நல்லாயிருந்தா வர்றேன்" என்றாள். அவன் தலையைக் குனிந்தபடி பச்சைக் கீற்றுக் கிழிக்கப் போனான். அதன்பிறகு ஒவ்வொரு மட்டையிலும் ஒரு பெண் தொங்கினாள். சாயங்காலம் வரை கிணற்றுமேட்டில் புல் மழை பெய்தது. செம்போத்து கீழே காத்து நின்று பார்த்தது. ஒரு முட்டைகூட விழவில்லை. வேலிப் புதருக்குள் நடந்து போய்விட்டது. இன்றும் அங்கேதான் உட்கார்ந்து ஊம் ஊம் என்கிறது. பனைமேல் இருப்பவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தப் பகலில் தொடங்கியதுதான் இந்த வழக்கம். முழுக்கக் கட்டி விழுந்தால் உழைப்பு வீண் என்று, ஆண் பாதிக் கூடு கட்டிவிட்டுக் காத்திருப்பான். பெண் வந்து தொங்குவாள், இழுப்பாள், உள்ளே நுழைந்து பார்ப்பாள். அவள் சம்மதித்த பிறகே அவன் மீதியைக் கட்டி முடிப்பான். பிடிக்காவிட்டால் பறந்துவிடுவாள். பனைமரத்தில் வாசல் குழல் வைக்காத அரைக்கூடுகள் தொங்குவதைப் பார்த்து, பாவம், முடிக்காமல் விட்டுவிட்டதே என்று நீங்கள் பரிதாபப்பட வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு பெண் வந்து பார்த்து, 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து பறந்த இடம்.